யாரும் கேட்காத நிலம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில், ஷெபாய்கன் ஊருக்குச் சற்று வடக்கே, கேம்ப் ஹேவன் என்ற ராணுவ முகாம் இருந்தது. 1949 முதல் பத்து ஆண்டுகள் அங்கே விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் பீரங்கிப் பயிற்சி நடந்தது. ஒரு விமானம் நீண்ட கயிற்றில் இலக்கைக் கட்டி இழுத்தபடி ஏரிக்கு மேல் பறக்கும். கரையில் நிற்கும் இளம் சிப்பாய்கள் அதைக் குறிவைத்துச் சுடுவார்கள். குறி தப்பியதெல்லாம் தண்ணீருக்குள் போகும். 1959-ல் ராணுவம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. மிஞ்சியது ஒரு விமான ஓடுபாதை, கொஞ்சம் கான்கிரீட், ஏரிவரை நீளும் தட்டைப் பொட்டல். பிறகு ஒரு மின்சாரக் கம்பெனி அங்கே அணுமின் நிலையம் கட்ட நினைத்தது. அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது.

அதே பொட்டலில் 1998-ல் திறக்கப்பட்டதுதான் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற கோல்ஃப் மைதானம். இன்று அங்கே நிற்பவருக்கு அது அயர்லாந்துக் கடற்கரை போலத்தான் தெரியும். காற்றில் சாய்ந்தாடும் உயரமான புல், ஏரியை நோக்கிச் சரியும் மேடுகள், அவற்றின் மடிப்புகளில் மணல் குழிகள். மேய்வதற்கென்று கறுப்பு முகம் கொண்ட ஸ்காட்லாந்து ஆடுகளையும் கொண்டுவந்து விட்டார்கள். அந்த மேடுகளில் ஒன்றுகூட இயற்கை தந்ததில்லை.

விஸ்கான்சின் பால் மாநிலம். அங்கே ஓடும் கார்களின் நம்பர் பலகையிலேயே 'அமெரிக்காவின் பால்பண்ணை நாடு' என்று எழுதியிருக்கும். குளிர்காலத்தில் புல் கண்ணில் படாது; பனி மூடிக்கிடக்கும். இப்படிப்பட்ட ஊருக்கு உலகத்தின் பெரிய கோல்ஃப் பந்தயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. அவை வந்து இறங்கியதும் பொதுமக்கள் ஆடக்கூடிய மைதானங்களில். இது எப்படி நடந்தது என்று தேடிப் போனால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான கதை கிடைக்கிறது. வேறு எதற்கும் ஆகாது என்று விடப்பட்ட நிலத்தை யாரோ ஒருவர் நின்று மறுபடி பார்த்தார். பார்த்தவர் அதற்கு வாசல் வைத்தார், பூட்டு வைக்கவில்லை.

பூட்டு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் இந்த ஆட்டம் வளர்ந்தது பொது நிலத்தில். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் கடலோர மணல்வெளி ஊராருக்குச் சொந்தம். அங்கே விளையாடும் உரிமை அவர்களுடையது என்று 1552-லேயே எழுத்தில் உறுதி செய்யப்பட்டது. உழவுக்கு உதவாத, உப்புக் காற்று அடிக்கும் நிலம் அது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும், மனிதர்கள் பந்து அடிப்பார்கள். அமெரிக்காவுக்கு வந்தபோது இந்த ஆட்டம் சங்கங்களுக்குள் போய் அடைந்துகொண்டது. உறுப்பினர் ஆகவேண்டும், உறுப்பினராக வேறு இரண்டு உறுப்பினர் பரிந்துரைக்கவேண்டும், பரிந்துரைத்தாலும் சிலருக்கு இடம் கிடையாது. தேசியப் பந்தயமான யு.எஸ். ஓப்பன், பொதுமக்கள் ஆடக்கூடிய ஒரு மைதானத்துக்கு முதன்முதலாக வந்தது 1972-ல், கலிபோர்னியாவின் பெபிள் பீச்சுக்கு. அதுவரை அது உறுப்பினர் சங்கங்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பொது மைதானம் என்றால் பெயர் பதிந்து கட்டணம் கட்டும் எவரும் ஆடலாம். அதிலும் இரண்டு வகை: அரசோ நகராட்சியோ நடத்துவது ஒன்று, தனியார் கட்டி எல்லோருக்கும் திறந்துவைப்பது இன்னொன்று. விஸ்கான்சினின் புகழ் பெரும்பாலும் இரண்டாவது வகையால் வந்தது. முதல் வகையைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அது பிறகு.

விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸின் கதை ஒரு குளியல் தொட்டியில் தொடங்குகிறது. குளியலறைக் குழாய்களில் 'கோலர்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரியாவிலிருந்து குடியேறிய ஜான் மைக்கேல் கோலர் 1873-ல் ஷெபாய்கனில் தொடங்கிய இரும்புப் பட்டறை அது. பண்ணைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்கு 1883-ல் எனாமல் பூசி, நான்கு கால் வைத்தால் குளியல் தொட்டி என்று விற்றார். முதல் தொட்டிக்கு ஒரு விவசாயி ஒரு பசுவும் பதினான்கு கோழிகளும் கொடுத்தார் என்பது கம்பெனியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. ஆலையைச் சுற்றி ஓர் ஊரே வளர்ந்தது. ஐரோப்பாவிலிருந்து தனியாளாக வந்த தொழிலாளர்கள் தங்குவதற்கு 1918-ல் 'அமெரிக்கன் கிளப்' என்ற பெரிய விடுதியைக் கட்டினார்கள். அங்கே அவர்களுக்கு ஆங்கிலமும் குடியுரிமைப் பாடமும் சொல்லிக்கொடுத்தார்கள்.

நிறுவனரின் பேரன் ஹெர்ப் கோலர் காலத்தில் அந்தப் பழைய கட்டடம் தேய்ந்துபோயிருந்தது. இடித்துவிடலாம் என்பதுதான் எளிய யோசனை. அவர் அதைப் புதுப்பித்து 1981-ல் சொகுசு ஹோட்டலாகத் திறந்தார். வந்து தங்கியவர்கள் பக்கத்தில் கோல்ஃப் ஆட இடம் உண்டா என்று கேட்கத் தொடங்கினார்கள். கோலருக்கு அப்போது கோல்ஃபில் பெரிய பழக்கம் கிடையாது. குழாய் செய்கிறவர், விருந்தாளி கேட்டதைச் செய்யப் புறப்பட்டார், அவ்வளவுதான் தொடக்கம்.

அவர் அழைத்துவந்த ஆள் பீட் டை. ஒஹையோவில் பிறந்து, இண்டியானாபோலிஸில் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர். மனைவி ஆலிஸோடு சேர்ந்து மைதானம் அமைக்கும் வேலைக்கு வந்தவர். 1963-ல் இருவரும் ஸ்காட்லாந்துக்குப் போய்ப் பழைய மைதானங்களை நடந்து பார்த்துவிட்டு வந்த பிறகு, அவர்கள் கை வேலையே மாறிப்போனது. வரைபடத்தை நம்பிக் கட்டுபவர் அல்ல பீட் டை. மண்ணில் நின்று, புல்டோசர் ஓட்டுகிறவரோடு பேசிப் பேசி வளைவுகளைச் செதுக்குவார். ஷெபாய்கன் ஆற்றங்கரையில் அவர் அமைத்த பிளாக்வுல்ஃப் ரன் 1988-ல் திறந்தது.

அந்த மைதானத்தில் 1998-ல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப்போக மனமில்லை. பெண்களுக்கான யு.எஸ். ஓப்பன் அங்கே நடந்தது. தென்கொரியாவின் செ ரி பாக், இருபது வயது, இன்னொருத்தியோடு சமநிலையில் முடித்தாள். மறுநாள் பதினெட்டுக் குழிகள் ஆடியும் சமநிலைதான். பதினெட்டாவது குழியில் அவள் பந்து ஒரு குளத்தின் ஓரச் சரிவில், தண்ணீருக்கு அருகே கிடந்தது. காலணியையும் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கி அடித்தாள். ஆட்டம் நீண்டு, இருபதாவது குழியில் வென்றாள். கொரியா அப்போது பொருளாதார நெருக்கடியில் மூச்சுத்திணறிக்கொண்டிருந்த நேரம். அந்த வெறுங்கால் காட்சி நாட்டுக்கே ஓர் ஆறுதலாக ஆகிப்போனது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்து மட்டையைக் கையில் எடுத்த கொரியச் சிறுமிகளின் தலைமுறை ஒன்று உருவானது. 2012-ல் அதே பந்தயம் அதே மைதானத்துக்குத் திரும்பி வந்தபோது வென்ற சோய் நா யோன், 1998-ல் பத்து வயதுச் சிறுமி.

ஹோட்டலில் கூட்டம் பெருகியதும் கோலருக்கு இன்னோர் இடம் தேவைப்பட்டது. அப்படிக் கண்ணில் பட்டதுதான் பழைய ராணுவப் பொட்டல். 560 ஏக்கர், ஏரிக்கரையாக மட்டும் இரண்டு மைல். அயர்லாந்து போல இருக்கவேண்டும் என்பது கோலரின் விருப்பம். தட்டையான களிமண் தரையில் அயர்லாந்து எங்கிருந்து வரும்? லாரி லாரியாக வந்தது. 13,000 லாரிக்கு மேல் மணல் கொண்டுவந்து கொட்டினார்கள். கரையை வெட்டிச் சரித்து, வெட்டிய மண்ணை மேடாக்கி, மேட்டில் மணல் போர்த்தி, காற்றுக்கு வளைந்துகொடுக்கும் புல்லை விதைத்தார்கள். மேட்டின் மேலே நின்றால் காதில் காற்று சீட்டியடிக்கும். பெயரும் அதிலிருந்து வந்தது.

மணல் குழிகளை மட்டும் ஆயிரம் வரை எண்ணியிருக்கிறார்கள். ஆட்டத்தில் ஒருபோதும் பந்து போய் விழாத இடங்களிலும் உண்டு. பார்ப்பதற்காகப் போட்டவை. அந்த அழகு 2010-ல் ஒருவருக்கு மிகவும் விலையாகிவிட்டது. பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் கடைசி நாள், கடைசிக் குழி. டஸ்டின் ஜான்சன் ஓர் அடி முன்னிலையில் இருந்தார். அவர் அடித்த பந்து வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. அங்கே ஆயிரக்கணக்கான கால்கள் நாள் முழுக்க மிதித்த வெறும் மண் போன்ற ஒரு துண்டு. அடிப்பதற்கு முன் மட்டையின் அடியைத் தரையில் ஊன்றினார். மணல் குழியில் அப்படி ஊன்றக் கூடாது. அது மணல் குழிதான். மிதிபட்டிருந்தாலும் எல்லாம் மணல் குழிகளே என்று வீரர்கள் அறையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இரண்டு அடி தண்டனை. கோப்பைக்கான கூடுதல் ஆட்டத்தில்கூட அவருக்கு இடமில்லாமல் போனது. ஜெர்மனியின் மார்ட்டின் கைமர் வென்றார். விதி விதிதான், ஆனாலும் அந்தத் தண்டனையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை. பதினோரு ஆண்டு கழித்து ரைடர் கோப்பை அதே மைதானத்துக்கு வந்தது. அமெரிக்கா 19–9 என்று ஐரோப்பாவை வென்றது. விஸ்கான்சின்காரரான ஸ்டீவ் ஸ்ட்ரிக்கர் அணித்தலைவர். ஜான்சன் தான் ஆடிய ஐந்து ஆட்டத்திலும் வென்றார்.

கோலர் மண்ணைக் கொட்டி மேடு செய்தார். மில்வாக்கியிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய எரின் என்ற ஊரில் அந்தச் செலவு தேவைப்படவில்லை. அங்கே வேலையைப் பனியாறு முன்னமே முடித்திருந்தது. கடைசிப் பனியுகத்துக்கு வட அமெரிக்க நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே 'விஸ்கான்சின்' என்பதுதான். மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் பனியாற்றின் இரண்டு கிளைகள் உரசிக்கொண்டு நகர்ந்தன. இடையில் சிக்கிய கல்லும் மணலும் நீண்ட மேடுகளாகக் குவிந்தன. மண்ணுக்குள் புதைந்த பனிப்பாளங்கள் மெல்ல உருகி, மேலிருந்த தரை உள்வாங்கி, கிண்ணம் கிண்ணமாகப் பள்ளங்கள் விழுந்தன. உழவனுக்கு இது எரிச்சலூட்டும் நிலம். ஏர் போனால் கல்லில் முட்டும், சமதளம் என்று நாலு அடி தொடர்ந்து கிடைக்காது. மாடு மேய விடலாம், அதைத்தான் செய்தார்கள்.

பாப் லாங் என்பவர் நாட்காட்டிகளும் வாழ்த்து அட்டைகளும் அச்சிட்டு விற்றுப் பணம் சேர்த்தவர். அந்த மேய்ச்சல் நிலத்தைப் பார்த்ததும் பித்துப் பிடித்தவர் போல ஆனார். மைக்கேல் ஹர்ட்ஸன், டேனா ஃப்ரை, ரான் விட்டன் மூவரும் வடிவமைத்தார்கள். அவர்கள் செய்ததில் பெரும்பகுதி நடந்து நடந்து பார்த்து, இருக்கிற மேடு பள்ளங்களுக்குள் எந்தக் குழி எங்கே பொருந்தும் என்று கண்டுபிடித்ததுதான். 2006-ல் எரின் ஹில்ஸ் திறந்தது. யு.எஸ். ஓப்பனை இங்கே கொண்டுவந்தே தீருவேன் என்று லாங் அக்கம்பக்கத்து நிலங்களையும் வாங்கிக்கொண்டே போனார், மைதானத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார். கையிருப்பு கரைந்தது. 2009-ல் மைதானத்தை ஆண்டி ஜீக்லர் என்ற முதலீட்டாளரிடம் விற்கவேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே, 2017-ன் யு.எஸ். ஓப்பன் எரின் ஹில்ஸுக்கு என்று அறிவிப்பு வந்தது. விஸ்கான்சினுக்கு அந்தப் பந்தயம் வந்தது அதுவே முதல் முறை. கோப்பையை வென்றவர் புரூக்ஸ் கெப்கா. தூரத்தில் ஹோலி ஹில் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் தெரிய, பனியாறு செய்த மேடுகளில் கூட்டம் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த பலருக்கும் லாங்கின் பெயர் தெரிந்திருக்காது. எனக்கு இந்த மாநிலத்துக் கதைகளில் மிகவும் நெஞ்சைத் தொடுவது அவருடையதுதான்.

வாழ்த்து அட்டையில் பணம் சேர்த்து மைதானம் கட்டிய இன்னொருவரும் உண்டு. மைக் கைசர் சிகாகோவில் மறுசுழற்சித் தாளில் அட்டைகள் அச்சிடும் கம்பெனியைத் தொடங்கியவர். ஒரிகான் கடற்கரையில் பேண்டன் டூன்ஸ் என்ற பொது மைதானத்தைக் கட்டிப் பெயர் பெற்றவர். விஸ்கான்சின் நடுவில், கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் ரோம் என்ற சிற்றூரில், ஊசியிலை மரத் தோப்புக்கு அடியில் மணல் இருக்கிறது என்று கிரெய்க் ஹால்டம் என்ற மைதானக் கட்டுநர் கண்டுபிடித்து வைத்திருந்தார். இருந்தது கொஞ்சநஞ்ச மணல் அல்ல. பனியுகத்தில் அங்கே ஒரு பேரேரி தேங்கி நின்றது. பனி அணை ஒருநாள் உடைந்தது. தண்ணீர் பாய்ந்த வேகத்தில் தெற்கே டெல்ஸ் பாறைப் பள்ளத்தாக்கே அறுக்கப்பட்டது. ஏரியின் அடிமணல் அப்படியே தங்கிவிட்டது. விவசாயம் செய்து பார்த்துத் தோற்றவர்களின் நிலத்தில், பிறகு காகித ஆலைகளுக்காகச் செம்பைன் மரங்களை வரிசை பிடித்து நட்டார்கள்.

கைசர் அந்த மரங்களை வெட்டச் சொன்னபோது வெளியே வந்தது பழைய மணல்வெளி. 2017-ல் பில் கூர், பென் கிரென்ஷா அமைத்த சாண்ட் வேலி திறந்தது. அடுத்த ஆண்டு டேவிட் மெக்லே கிட் அமைத்த மாமத் டூன்ஸ். எனக்குப் பிடித்தது மைதானத்தைச் சுற்றி அவர்கள் மீட்டுக்கொண்டுவரும் தாவரங்கள். அந்த நாட்டு மணல்வெளிகளில் காட்டு லூப்பின் பூக்கும். கார்னர் புளூ என்ற அருகிவரும் சின்ன நீல வண்ணத்துப்பூச்சியின் புழு அதன் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. சப்பாத்திக்கள்ளியில் ஒரு சிறுவகை, பனியையும் தாங்கிக்கொண்டு அங்கே வளர்கிறது. காகிதத்துக்காக நட்ட தோப்பில் காகிதத்தால் பணம் சேர்த்தவர் வந்து நின்றார். பக்கத்தில் விஸ்கான்சின் ராப்பிட்ஸ் நகரின் பெரிய காகித ஆலை 2020-ல் மூடப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் மூத்தது கிரீன் லேக் ஊரின் லாசோனியா. சிகாகோ பத்திரிகை முதலாளி விக்டர் லாசனின் தோட்டம் அது. அவர் இறந்த பிறகு, 1930-ல், பெருமந்தத்தின் வாயிலில் மைதானம் திறந்தது. பிறகு பாப்டிஸ்ட் திருச்சபை வாங்கியது. இன்றுவரை ஊராருக்குத் திறந்தே இருக்கிறது. ஏழாவது குழியின் மேடு அவ்வளவு உயரமாக நிற்பதற்குக் காரணம், அடியில் ஒரு ரயில் சரக்குப் பெட்டியைப் புதைத்திருப்பதுதான் என்று அங்கே சொல்வார்கள்.

இப்போது கட்டணத்தைச் சொல்லவேண்டும். விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸில் கோடையில் ஒருமுறை ஆட 500 டாலருக்கு மேல் ஆகும். நடந்துதான் ஆடவேண்டும், பை தூக்கும் கேடிக்குத் தனிப் பணம். வாசல் திறந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஷெபாய்கன் ஆலைத் தொழிலாளிக்கு அந்தத் தொகை ஒரு வாரச் சம்பளத்தில் பாதியை விழுங்கிவிடும். சாண்ட் வேலியில் 2023-ல் சேர்ந்த லிடோ மைதானம் உறுப்பினர் சங்கமாகவே தொடங்கியது. விடுதியில் தங்குபவர்களுக்குக் குறிப்பிட்ட நாட்கள் மட்டும். கதவு மறுபடி ஒருக்களிக்கிறதோ என்ற கவலை எனக்கு உண்டு.

அதனால்தான் மில்வாக்கியை முடிவுக்கென்று எடுத்துவைத்தேன். 1916 முதல் 1940 வரை அந்த நகரத்தின் மேயர் டேனியல் ஹோன், சோஷலிஸ்ட். சார்ல்ஸ் விட்னால் என்ற இன்னொரு சோஷலிஸ்ட், ஆற்றோரங்கள் தனியார் கைக்குப் போகக் கூடாது, அவை மக்களின் பூங்காக்களாக நீளவேண்டும் என்று 1923-ல் ஒரு திட்டம் போட்டார். நகரமும் கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகமும் நிலம் வாங்கத் தொடங்கின. பூங்காக்களோடு கோல்ஃப் மைதானங்களும் பிறந்தன. பூங்காத் துறையின் ஜார்ஜ் ஹான்சன் பல மைதானங்களை வடிவமைத்தார். அவற்றில் சிறந்ததான பிரவுன் டியர் 1929-ல் திறந்தது. உயர்ந்த மரங்களுக்கு நடுவே, ஓடை குறுக்கிட, அலங்காரம் எதுவும் இல்லாத மைதானம். தனியார் சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவர்கள் மட்டுமே கலந்துகொள்ளக்கூடிய தேசிய அமெச்சூர் பந்தயம் 1951, 1966, 1977 என்று மூன்று முறை அங்கே நடந்தது. மெக்கானிக்குகளும் தபால்காரர்களும் ஆடக்கூடிய பந்தயம். கவுண்டி இன்றும் பத்துக்கும் மேற்பட்ட மைதானங்களை நடத்துகிறது. உள்ளூர்க்காரருக்குக் கட்டணம் குறைவு.

1996 ஆகஸ்ட் 29-ல் அந்தப் பூங்கா மைதானத்தின் முதல் குழியில் இருபது வயது இளைஞன் ஒருவன் தொழில்முறை ஆட்டக்காரனாகத் தன் முதல் பந்தை வைத்தான். நான்கு நாள் முன்புதான் தேசிய அமெச்சூர் பட்டத்தைத் தொடர்ந்து மூன்றாவது முறையாக வென்றிருந்தான். லாங் பீச்சின் ஒரு சின்னப் பொது மைதானத்தில் ஆட்டம் பழகியவன். அமெரிக்கத் தொழில்முறைச் சங்கம் 1961 வரை வெள்ளையர் அல்லாதவரைச் சேர்த்துக்கொள்ளாத ஆட்டம் இது. டைகர் உட்ஸ் தொடங்கியது கவுண்டிக்குச் சொந்தமான புல்லில். ஞாயிற்றுக்கிழமை பதினான்காவது குழியில் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டான். மொத்தத்தில் அறுபதாவது இடம், பரிசு 2,544 டாலர்.

உட்ஸ் ஆடிய அந்தத் தொழில்முறைப் பந்தயம் 2009-க்குப் பிறகு அங்கே நடப்பதில்லை. மைதானம் இருக்கிறது. நவம்பரில் முதல் பனி விழுந்ததும் ஆட்டம் நின்றுபோகும். சில வாரத்தில் பிரவுன் டியர் பூங்காவின் சரிவில் பிள்ளைகள் சறுக்குப் பலகையோடு ஏறி வருவார்கள். மூக்குநுனி சிவக்க, ஒருவர் பின் ஒருவராக வழுக்கி இறங்கி, மறுபடி ஏறுவார்கள்.